கையிருப்பு பூஜ்யம்

போளூருக்குக் கம்ப்யூட்டர் வந்த அன்று, அதற்கு ஆரத்தி எடுக்கலாமா கூடாதா என்பதில்தான் முதல் கருத்து வேறுபாடு கிளம்பியது. கற்பூரப் புகை பட்டால் அதன் நினைவு கெட்டுவிடும் என்றார் ஒருங்கிணைப்பு அதிகாரி கோபால்சாமி. கடைசியில் வாசற்படிக்கு ஆரத்தி காட்டி, ஏ.சி. பெட்டிக்கு நேர் கீழே எலுமிச்சம்பழத்தை நசுக்கிச் சமாதானம் ஆனார்கள்.

செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே நுழைந்தவர்களுக்கு அவர் ஓர் அட்டையைத் தூக்கிக் காட்டினார். அட்டையில் மூன்று வட்டங்கள். ஒன்று, ஜவ்வாது மலைமேல் ஜமுனாமரத்தூரில் கடுக்காய் சேகரிக்கும் மலைவாழ் மக்கள் சங்கம். இரண்டு, அதை ஏற்றிப் போகும் போளூர் லாரி உரிமையாளர் சங்கம். மூன்று, வாங்கித் தோல் ஊறவைக்கும் வாணியம்பாடித் தோல் பதனிடுவோர் சங்கம். நடுவில் ஒரு சதுரம். அதிலிருந்து சுவாமி படத்தில் போலக் கதிர்கள் கிளம்பி மூன்று வட்டங்களையும் தொட்டன.

"மூன்று உடல், ஒரு மூளை!" என்றார் கோபால்சாமி. அந்த மூளைக்குப் பக்கத்தில் இருப்பவர் யார் என்பதை அவர் நின்ற இடமே சொன்னது.

எல்லோரும் கைதட்டினார்கள். நிஜமாகவே உள்ளம் துள்ளக் கைதட்டியவள் ஒருத்திதான். மலைச் சங்கத்துக் குமாஸ்தா நீலாவதி. செயலாளர் பதவி இரண்டு வருஷமாகக் காலி என்பதால் சங்கத்தின் செயலாளர், சாவிக்கொத்து, துடைப்பம் எல்லாம் அவளே. இதற்கு முன் லாரி நினைத்தால் வரும், நினைக்காவிட்டால் வராது. ஒரு வாரம் தோல் தொட்டி நிரம்பி வழியும், மறு வாரம் காய்ந்து கிடக்கும் என்று வாணியம்பாடிக்காரர்கள் சலித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கைவிட்டால் மலைமேல் இருபத்திரண்டு ஊருக்குக் கோடையில் அடுப்பு எரியாது. அதனால் கம்ப்யூட்டரைப் பார்த்ததும் நீலாவதிக்குக் கண்ணில் நீர் தளும்பியது. ஆறு நாள் பயிற்சியில் படிவம் நிரப்பக் கற்றுக்கொண்டு, ஏழாம் நாள் மலை ஏறினாள்.

படிவம் எளிமையானது. 'கொடவுன் கையிருப்பு, மூட்டைக் கணக்கில்' என்று ஒரு கட்டம். நூறு மூட்டைக்குக் குறைந்தால் லாரி கிடையாது. நீலாவதி திங்கட்கிழமை கொடவுனைத் திறந்தாள். இரண்டு பல்லி இருந்தன. மூட்டை இல்லை. 'பூஜ்யம்' என்று முத்து முத்தாக எழுதிப் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தாள். மாலைப் பஸ்ஸில் பதில் வந்தது: லாரி தேவையில்லை.

அடுத்த திங்கள் பூஜ்யம். லாரி தேவையில்லை. அதற்கடுத்த திங்களும் அப்படியே. மூன்றாவது வாரம் கோபால்சாமி பச்சை மையில் தனியாக ஒரு பாராட்டுக் கடிதம் அனுப்பினார். மூன்று வாரத்தில் ஒரு சொட்டு டீசல்கூட வீணாகவில்லை, வடஆற்காடு மாவட்டத்துக்கே இது முன்மாதிரி என்று.

நான்காவது வாரம் வியாழக்கிழமை போளூரில் கூட்டம் போட்டார்கள். வாணியம்பாடியிலிருந்து சத்தார் சாயபு வந்திருந்தார். தோல் சங்கத்தின் தலைவர். கோபம் வந்தால் குரல் தணியும் மனிதர். அன்று முன்வரிசைக்கே சரியாகக் கேட்கவில்லை.

"கோபால்சாமி சார், உங்க மூளை ரொம்ப நல்லா வேலை செய்யுது. என் தொட்டிதான் காஞ்சு கெடக்குது. சனிக்கிழமை சாயந்தரம் அஞ்சு மணிக்கு, கடுக்காய்க்குப் பதிலா வேலம்பட்டைப் பொடி விக்கிற ஏஜெண்ட் வர்றான். ஒரு வருஷத்துக்கு ஒப்பந்தம். அதுக்குள்ள ஒரு லோடு கடுக்காய் வந்தா அவனைத் திருப்பி அனுப்புறேன். வரலேன்னா நாங்க கையெழுத்துப் போட்டுருவோம். அப்புறம் என்னைக் கோச்சுக்காதீங்க."

கோபால்சாமி நீலாவதி பக்கம் திரும்பினார். "ஏம்மா, மலையில இந்த வருஷம் காய்ப்பே இல்லையா?"

"இல்லாம இன்னா சார்? பாறைக்குப் பாறை காயுது."

"அப்போ படிவத்துல ஏன் பூஜ்யம்?"

"கொடவுன்ல எவ்ளோன்னுதானே சார் கேட்டிருக்குது? பாறைமேல எவ்ளோன்னு கேக்கலியே."

"கொடவுனுக்கு ஏன் கொண்டு வரலை?"

"லாரி வரலியே சார்."

"லாரி ஏன் வரலை?"

இதற்குப் பதில் சொன்னவர் பாஷா. சொந்த லாரியைத் தானே ஓட்டுகிறவர், லாரிச் சங்கத்தின் துணைத்தலைவர். "கொடவுன்ல சரக்கு இல்லியே சார்" என்றார் பவ்யமாக.

கோபால்சாமி அட்டையின் வட்டங்களை விரலால் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

விஷயம் இதுதான். பல வருஷத்துக்கு முன் சங்கத்தின் பேச்சை நம்பி மலைக்காரர்கள் ஆறேழு மைல் மூட்டை சுமந்து வந்து கொடவுனை நிரப்பினார்கள். லாரி பதினைந்து நாள் வரவில்லை. கூரை ஒழுகிச் சரக்குப் பூசணம் பிடித்தது. பூசணம் பிடித்ததை யாரும் வாங்கவில்லை. அன்றிலிருந்து லாரியின் ஹாரன் காதில் விழாமல் ஒரு மூட்டைகூடப் பாறையை விட்டு நகராது. மலைச் சாலையின் மேல் வளைவில் பாஷா லாரியை நிறுத்தி மூன்று முறை நீட்டி அடிப்பார். கேட்ட ஊர் கேட்காத ஊருக்குக் கூவும். அவர் டீ குடித்துப் பீடி முடிப்பதற்குள் மூட்டைகள் இறங்க ஆரம்பிக்கும்.

இது நீலாவதிக்குத் தெரியும். பாஷாவுக்குத் தெரியும். சத்தாருக்கும் அரைகுறையாகத் தெரியும். மூச்சு விடுவதைப் போலத் தெரிந்த விஷயம் என்பதால், கம்ப்யூட்டருக்கும் சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அட்டையில் வட்டம் போட்டவரோ மலைக்கே போனதில்லை.

"அப்படின்னா சரக்கு இல்லாட்டியும் லாரியை அனுப்புங்க சார், தானா வரும்" என்றாள் நீலாவதி.

"கம்ப்யூட்டர் ஒத்துக்காது" என்றார் கோபால்சாமி, வீட்டு மாமியாரைப் பற்றிச் சொல்வது போல. "படிவத்தை மாத்தணும்னா கூட்டுக் குழு கூடணும். குழு சித்திரையிலதான் கூடும். மொதல்ல சரக்கைச் சேருங்க. ஒழுங்கு உங்க பக்கத்துலதான் இல்லை."

மாலைப் பஸ்ஸில் நீலாவதி ஊர் திரும்பினாள். வெள்ளி விடியலில், மலையின் மேல்கோடி ஊரான மேலூரின் பாறைக்கு ஓடினாள். அங்கே காய் பொறுக்கும் செல்லம்மா கடுக்காயைக் காலால் தள்ளிப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நாளைக்கு நிச்சயமா லாரி வருது. இன்னிக்கே எறக்கி வெச்சிருங்க."

"வரட்டும். வந்தா வர்றோம்."

"நான் சொல்றேன்க்கா!"

"நீ சொல்றேடி. ஒனக்கு முன்னாடி மூணு செகரேட்டரி சொன்னான். என் கழுத்துதான் சுளுக்கிக்கிச்சு. ஹாரன் பொய் சொல்லாது, நீ போ."

நீலாவதி வாதாடவில்லை. பாறை பாறையாக ஓடி எண்ணினாள். எட்டிப் போக முடியாத ஊர்களின் கணக்கை அங்கிருந்து வருகிறவர்களிடம் விசாரித்துக் குறித்துக்கொண்டாள். மதியப் பஸ் கிளம்பும்போது மூச்சிரைக்கப் படிவத்தை நீட்டினாள். கொடவுன் கையிருப்பு: நூற்று அறுபது. வேலையில் சேர்ந்ததிலிருந்து அவள் எழுதிய முதல் பொய். கையெழுத்து முன்னைவிட அழகாக இருந்தது.

போளூரில் கோபால்சாமி அதைப் பார்த்துப் பூரித்துப் போனார். ஒரு கண்டிப்புக்கு, ஒரே ராத்திரியில் நூற்று அறுபது மூட்டை! கம்ப்யூட்டர் கிர்ரென்று அலறி லாரி அனுப்பச் சொன்னது. இந்தச் சரித்திர நிகழ்ச்சியை நேரில் காண, காமிராவும் மாலையுமாக அவரே பாஷாவின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

சனிக்கிழமை ஒன்பது மணியிலிருந்து நீலாவதி கொடவுன் வாசலில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். ஒன்பதரை. பத்து. ஹாரன் இல்லை. பத்தேகாலுக்கு லாரியே எதிரில் வந்து நின்றது, பூனை மாதிரி.

"பாஷா பாய்! ஹாரன் எங்கே?"

"நான் இன்னா செய்றது தங்கச்சி? சாருக்கு வளைவுல வளைவுல வாந்தி. ஹாரன் சத்தத்துல தலை வெடிக்குதுன்னு ஸ்டியரிங்கையே புடிச்சுக்கினாரு."

கோபால்சாமி வெளிறிய முகத்தோடு இறங்கினார். மாலையைச் சரிசெய்துகொண்டார், காமிராவைத் திறந்தார், கொடவுன் கதவைத் தள்ளினார். பல்லிகள் திரும்பிப் பார்த்தன.

"நூத்தி அறுபது மூட்டை எங்கே?"

"வருது சார்."

"எங்கேருந்து வருது? அரசாங்கப் படிவத்துல பொய்யா? கம்ப்யூட்டரையே ஏமாத்தினியா? உன் வேலை..."

வேலை என்ன ஆகும் என்பதை நீலாவதி கேட்க நிற்கவில்லை. புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு லாரியில் தாவி ஏறி, ஹாரன் மேல் உள்ளங்கையை வைத்து உடம்பு மொத்தத்தையும் சாய்த்தாள். முதல் முறை. மலை அதை வாங்கித் திருப்பித் தந்தது. இரண்டாம் முறை. கோபால்சாமி காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். மூன்றாம் முறை அவள் கையை எடுக்கவே இல்லை, பாஷா வந்து எடுத்துவிடும் வரை.

ஒரு காக்கை கத்தியது. வளைவில் அடிக்க வேண்டியதை ஊர் நடுவில் அடித்தால் மேலூர் வரை எட்டுமா என்று பாஷா முணுமுணுத்தார். நீலாவதி லாரிப் படியிலேயே நின்று முகட்டுப் பக்கம் காது கொடுத்தாள்.

அப்போது மேற்கே யாரோ கூவினார்கள். அந்தக் கூவலை வடக்கே ஒருவர் வாங்கிக்கொண்டார். அங்கிருந்து அடுத்த முகட்டுக்கு, அதற்கடுத்த முகட்டுக்கு. மலை முழுக்கக் கூவல் சுற்றி வந்தது.

முதல் மூட்டை செல்லம்மாவின் தலையில் வந்தது. "ஏண்டி நீலா, செவுடாக்கிட்டியே! ஒரு லாரிக்கா இம்மாஞ் சத்தம்?" என்று திட்டிக்கொண்டே தொப்பென்று போட்டாள். பின்னால் ஐந்து, அதன் பின்னால் இருபது. தலையிலும் தோளிலும், இரண்டு கட்டை வண்டியிலும், ஒற்றையடிப் பாதை அத்தனையிலும் மூட்டை ஊர்ந்து இறங்கியது. நீலாவதி எண்ணிக்கொண்டே ஓடினாள், ஓடிக்கொண்டே சிரித்தாள். நூற்று இருபது. நூற்று ஐம்பது. நூற்று அறுபதாவது மூட்டைக்குக் கோபால்சாமி தன்னையறியாமல் எழுந்து, போட்டோ எடுக்க மறந்து, முட்டுக் கொடுத்து லாரிமேல் தள்ளினார். அதற்கு மேலும் நாற்பது வந்தது. லாரியில் இடமில்லை.

ஒன்றே முக்காலுக்கு மூவரும் வாணியம்பாடிக்குக் கிளம்பினார்கள். காவலூர் தாண்டி, ஆலங்காயம் இறக்கத்தில் பாஷா ஹாரனை விட்ட பாடில்லை. இம்முறை ஒருவரும் தடுக்கவில்லை.

வாணியம்பாடிச் சங்கக் கட்டடத்தில் பட்டைப்பொடி ஏஜெண்ட் பேனாவைத் திறந்து வைத்திருந்தான். நாலே முக்காலுக்குச் சத்தார் சாயபு வெளியே வந்து, ஒரு மூட்டையைக் கிழித்துக் கடுக்காயைக் கடித்தார். துவர்ப்பில் முகம் அஷ்டகோணலாகி, அப்படியே மலர்ந்தது. "அந்தத் தம்பிக்கு டீ குடுத்து அனுப்பிருங்கப்பா" என்றார் உள்ளே பார்த்து. பிறகு, "அடுத்த லோடு எப்போம்மா?"

"மலையில இன்னும் நாற்பது மூட்டை ரோட்டு மேலயே நிக்குது பாய். திங்கக்கிழமையே வரலாம். ஆனா சாரோட படிவம்..."

"படிவத்தை மாத்தக் குழு கூடணும்" என்றார் கோபால்சாமி. குரலில் சத்து இல்லை.

"குழுவுல யார் யாரு?"

"சங்கத்துக்கு ஒருத்தர், மொத்தம் மூணு பேர்."

சத்தார் தன்னைத் தொட்டுக் காட்டினார். பாஷாவைக் காட்டினார். நீலாவதியைக் காட்டினார். "கூடிடுச்சு சார்."

பாஷா லாரியின் பின்பலகையை இறக்கினார். நீலாவதி படிவத்தை அதன்மேல் விரித்தாள். 'கொடவுன் கையிருப்பு' என்பதை அடித்துவிட்டு, 'ஹாரன் அடித்தால் எத்தனை மூட்டை வரும்' என்று எழுத வேண்டும். மூவரிடமும் பேனா இல்லை.

கோபால்சாமி சட்டைப் பையைத் தடவினார். பிறகு பச்சை மைப் பேனாவை, தானே மூடியைத் திருகித் திறந்து, நீலாவதியிடம் நீட்டினார்.