சம்மன் வாங்க ஓர் ஆள்

வெண்டலைக் கண்டாலே மார்லிஸுக்கு ஆகாது. அக்கா எல்னாவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அந்த மனுஷன் செய்த ஒரே உழைப்பு நாற்காலியைத் தேய்த்ததுதான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிவாள். சொன்னதில் பொய்யும் இல்லை. ஏரிக்கரையில் தூண்டில் கடை வைத்திருக்கிறான். காலையில் புழுப்பெட்டிக்கும் மீன்குஞ்சுத் தொட்டிக்கும் நடுவில், அடுப்பை ஒட்டி உட்கார்ந்தானானால் இருட்டும்வரை அசையமாட்டான். மார்லிஸ் அப்படியில்லை. முன்னால் கலப்பை மாட்டிய இரண்டு லாரிகள்தான் அவளுடைய சொத்து, பிழைப்பு எல்லாம். பனிக்காலம் முழுக்க, விடியுமுன்னே கிளம்பி ஊரின் பாதி வாசல்களில் கிடக்கும் பனியை வாரித் தள்ளுகிறவள்.

அந்த வருஷம் இலை உதிரும்போது மருத்துவமனைக்காரர்கள் ஒரே பிடியாகப் பிடித்தார்கள். தனி ஆளுக்கு இனி வேலை தரமாட்டோம், கம்பெனியாகப் பதிவு செய்துகொண்டு வா என்றார்கள். பதிவு செய்யப் போனால் ஏஜென்ட் யார் என்று கேட்டது மாநிலத் தலைநகர் லான்சிங்கில் இருக்கும் அரசாங்கம். யாராவது கம்பெனி மேல் வழக்குப் போட்டால் சம்மனைக் கையில் வாங்க, வேலை நேரத்தில் ஒரே இடத்தில் குந்தியிருக்கும் ஆள் வேண்டும். தபால்பெட்டி எண் செல்லாது. தெருவும் கதவும் உள்ள விலாசம்தான் செல்லும். லாரியிலேயே குடியிருக்கும் மார்லிஸ் தன் பெயரை எப்படிப் போட்டுக்கொள்வாள்?

"அதுக்குன்னே கம்பெனிங்க இருக்குடி. வருஷத்துக்கு ஒரு தொகை கட்டிட்டா போதும்" என்றாள் எல்னா.

"எவனோ நாற்காலியில உக்கார்றதுக்கு நான் காசு அழணுமா? போடி!"

"உள்ளூர் வக்கீல்?"

"அந்தாளை ஊர்க் கூட்டத்துல வெச்சு திருடன்னு சொல்லிட்டேன். இனி எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போய் நிக்கிறது?"

"அப்ப வெண்டலைப் போடு. உட்கார்றதுல அவரை மிஞ்ச இந்தக் கரையில ஆள் கிடையாது."

மார்லிஸ் முகத்தைச் சுளித்தாள். ஆனால் செலவில்லாமல் முடியும் காரியம் வேறெதுவும் இல்லை. தூண்டில் கடைக்குப் போய் வாசலில் நின்றபடியே கேட்டாள். வெண்டல் எழுந்திருக்கவில்லை, சிரித்தான்.

"முப்பது வருஷமா சோம்பேறின்னு திட்டுனியே, இப்ப அதே சோம்பேறித்தனம் உனக்கு வேலைக்கு ஆவுதாக்கும்?"

"வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லு. கெஞ்சமாட்டேன்."

"நீ கெஞ்சிப் பாக்கணும்னு ஆசைதான். எங்க, கொடு." கையெழுத்துப் போட்டான். "நல்லா கேட்டுக்க. உனக்காக இல்ல, எல்னா சொன்னதுக்காக. ஆனா போட்டது கையெழுத்து. எது வந்தாலும் அன்னிக்கே உன் மூஞ்சியில விட்டெறிவேன்."

"எறி. பிடிச்சுக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கதவை அறைந்து சாத்தினாள்.

கிறிஸ்துமஸ் கழிந்த மறுவாரம் வந்தது வினை. மருத்துவமனை முற்றத்தில் பனியை வாரியவள், அடுத்த வாசலுக்கு ஓடும் அவசரத்தில் மணல் தூவாமல் போய்விட்டாள். அடியில் கண்ணாடி மாதிரி ஐஸ். மாத்திரை வாங்க வந்த யாரோ ஒருத்தி விழுந்தாள், இடுப்பு முறிந்தது. அந்த யாரோ ஒருத்தி எல்னா.

மார்லிஸ் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினாள். மருத்துவமனை நடைவழியிலேயே வெண்டல் மறித்தான்.

"கைப்பிடி மணலுக்குப் பஞ்சமா உனக்கு? வாரி மட்டும் விட்டா ஆச்சா? போ! அவ கண்ணுல படாத!"

தப்பு தன்னுடையதுதான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததனால்தான் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. "நீ யாருடா என்னைப் போகச் சொல்ல?" என்று கத்திவிட்டு, சொன்னபடியே போயும் விட்டாள். அதற்குப் பிறகு எல்னாவைப் பார்க்கவேயில்லை. இன்றைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று நாள் ஓடியது.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அவள் நாளைக் கடத்தவில்லை. இடுப்பு முறிந்தால் வழக்கு வரும். வழக்கு வந்தால் சம்மன் யார் கைக்குப் போகும்? வெண்டல் கைக்கு! அடுப்பில் போட்டுவிட்டுக் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பான். பதில் சொல்லக் கெடு முடிந்தால், எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமலே லாரிகள் பறிபோகும். கம்பளி நூல் கடைக்கார ஆர்டிஸுக்குப் போன் போட்டாள்.

"உன் பேரை ஏஜென்ட்டாப் போட்டுக்கவா?"

"பேருதானே? போட்டுக்க, போட்டுக்க. பெட்டி கட்டிட்டிருக்கேன்டி, அப்புறம் பேசுறேன்."

அன்றே கம்ப்யூட்டரில் மாற்றிவிட்டாள். வெண்டலிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அடிப்பாவி, பெட்டி கட்டுகிறேன் என்று சொன்னாளே, காதில் விழவில்லையா? புத்தாண்டு பிறந்தால் ஆர்டிஸ் கடையைப் பூட்டிக்கொண்டு ஃப்ளோரிடா வெயிலுக்குப் போய்விடுவாள், ஈஸ்டர் கழித்துத்தான் திரும்புவாள் என்பது இந்த ஊர் நாய்க்கும் பூனைக்கும் தெரியும். மார்லிஸுக்கும் தெரியும். வெண்டல் மேல் இருந்த வெறுப்பில் அது ஞாபகத்துக்கே வரவில்லை.

மார்ச்சில் கோர்ட் உத்தரவோடு ஷெரீஃபின் ஆள் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"மார்லிஸ், லாரிங்களை ஏலத்துக்கு எடுக்கச் சொல்லித் தீர்ப்பு ஆயிடுச்சு."

"என்ன தீர்ப்பு? என்ன வழக்கு?"

"நீ பதிலே போடலையே. நூல் கடைக்கு எத்தனையோ தடவை போனேன், பூட்டு. கடைசில நீதிபதி கதவுல ஒட்டச் சொன்னாரு, ஒட்டினேன்."

மார்லிஸ் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நூல் கடைக்கு ஓடினாள். கடைக்கு முன்னால் ஆள் உயரத்துக்குப் பனிமேடு. ஆளில்லாத கடைதானே என்று தெருப்பனி முழுவதையும் வாரம் தவறாமல் அங்கே கொண்டுவந்து கொட்டியது வேறு யார்? அவளேதான். அப்போதும் ஏஜென்ட் நினைப்பு அவளுக்கு வரவேயில்லை. வெட்டி வெட்டித் தோள் கழன்ற பிறகு கதவு தெரிந்தது. பிளாஸ்டிக் உறைக்குள் அவள் கம்பெனிக்கு வந்த சம்மன் நனையாமல் பத்திரமாக இருந்தது. வழக்குப் போட்டவர் பெயர் எல்னா.

வேறு வழியில்லை. திருடன் என்று அவள் திட்டிய அதே வக்கீலிடம் போய் நின்றாள். அவர் படித்துவிட்டுச் சிரிக்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டார்.

"ஆட்சேபம் இல்லேன்னு உங்க அக்கா கையெழுத்துப் போட்டா, நீதிபதி தீர்ப்பை ரத்து பண்ணி வழக்கை மறுபடி திறப்பாரு. திறந்தா இன்சூரன்ஸ்காரங்களை இழுத்துட்டு வரலாம், அவங்களே பணத்தைக் கட்டிடுவாங்க. நாளைக்குக் காலையில தாள் கோர்ட்ல இருக்கணும். இல்லேன்னா லாரி ரெண்டையும் மறந்துடுங்க." கதவுவரை கூட வந்தார். "பேச்சை மட்டும் கொஞ்சம் அடக்கிக்கங்க."

தூண்டில் கடையில் எல்னா பிடித்து நடக்கும் இரும்புச் சட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மெலிந்து போயிருந்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் மார்லிஸ் வந்தாள். அடுப்போரம் வெண்டலைப் பார்த்தாள், வாய் முந்திக்கொண்டது.

"கூடப் பொறந்தவ மேலயே கேஸ் போட வெச்சிட்டியேடா. இப்பக் குளுந்துச்சா?"

"கேஸ் உன் மேல இல்லடி, உன் இன்சூரன்ஸ் மேல" என்றாள் எல்னா. "ஆஸ்பத்திரி பில்லை எதை வெச்சுக் கட்டுவேன்? உனக்கு ஒரு காசு செலவாகாது, இன்சூரன்ஸ் பாத்துக்கும்னு எங்க வக்கீல் சொன்னாரு. இவர் கையிலதானே சம்மன் வரும், அப்பவே உன்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடலாம்னு இருந்தேன். நீ ஆளையே மாத்திட்ட, பதிலும் போடல. எனக்கு ஒரு பதில்கூடக் கிடையாதுன்னு நினைச்சுக்கிட்டேன்."

"எனக்குத் தெரியவே தெரியாது எல்னா! ஆர்டிஸ் ஊர்ல இல்ல!"

"அவ எந்தக் குளிர்காலத்துல ஊர்ல இருந்திருக்கா?" என்றான் வெண்டல். "நீ என்னைத் தூக்கிட்டன்னு எனக்கு எங்க வெச்சுத் தெரிஞ்சுது தெரியுமா? எல்னாவோட வக்கீல் ஆபீஸ்ல. 'நீங்க இப்ப ஏஜென்ட் இல்லையே'ன்னு கேட்டான். செருப்பால அடிச்ச மாதிரி இருந்துச்சு. சம்மன் என் கைக்கு வந்திருந்தா அந்த நிமிஷமே உன் மூஞ்சியில விழுந்திருக்கும்."

மார்லிஸுக்கு முகம் எரிந்தது. வக்கீல் கொடுத்த தாளை எல்னா முன்னால் வைத்தாள். வக்கீல் சொன்னதைத் திக்கித் திக்கிச் சொன்னாள். எல்னா பேனாவைத் திறந்தாள். தாளில் முனையை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஒண்ணு மட்டும் சொல்லு. இவரை எதுக்கு மாத்தின?"

அவருக்கு வேலை அதிகம், தொந்தரவு கொடுக்க வேண்டாம் என்று பார்த்தேன் என்று ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. வெண்டலுக்கு வேலை அதிகமாம்! அவளுக்கே கூசியது.

"ஒளிச்சு வெச்சிடுவான்னு நினைச்சேன்."

"இவரா?"

"ஆமா."

"இவர் இருக்கிற வீட்லதானே நானும் இருக்கேன். இவர் ஒளிச்சா எனக்குத் தெரியாமலா ஒளிப்பாரு?" எல்னா பேனாவை மூடினாள். "இடுப்பு ஒடிஞ்சு கிடக்கிறவளை வந்து பாக்கல. சரி, இவர் திட்டுனதுல ரோஷம்னு சமாதானம் பண்ணிக்கிட்டேன். ஆனா நான் விழுந்த வாரமே ஏஜென்ட்டை மாத்த மட்டும் உனக்கு நேரம் இருந்திருக்கு. நானும் சேர்ந்து உன் லாரியைத் திருடுவேன்னுதானே நினைச்ச?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் மார்லிஸ் அதைத்தான் நினைத்திருந்தாள்.

வெண்டல் எழுந்து வந்தான். "போட்டுக் குடுத்துத் தொலை எல்னா. பிழைப்பு அவளுக்கு. இன்சூரன்ஸ் பணம் வந்தா நமக்கும்தான் நல்லது."

"நீங்க சும்மா இருங்க" என்றாள் எல்னா. தாளை எடுத்து மடித்து, தங்கையின் கோட்டுப் பையில் தானே செருகினாள். "ஏலத்துல வர்றது வரட்டும். போய்ட்டு வா."

வெளியே பனி கொட்ட ஆரம்பித்திருந்தது. பனி வார வரச்சொல்லி மருத்துவமனையிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. மார்லிஸ் அதை எடுக்காமல் லாரியில் ஏறி, சாவியைப் போடாமல் உட்கார்ந்திருந்தாள்.