நாற்பது பேர் சொன்னால்

சாரல் தொடங்கிவிட்டால் தென்காசிக்காரர்களுக்கு வெளியூரிலிருந்து ஒரே கேள்விதான் வரும். "தண்ணி விழுதா?" சொந்தக்காரர்கள் மட்டுமில்லை, அப்பாவோடு ஒருமுறை ரயிலில் பேசியவர்கள்கூட அழைத்துக் கேட்பார்கள். இப்போது அதற்கும் ஒரு செயலி வந்துவிட்டது. குற்றாலத்து அருவிக்கு அரை கிலோமீட்டருக்குள் நிற்பவர்கள் மட்டும்தான் அதில் பதிவு போட முடியும். அதனால் ஜனங்கள் அதை நம்பினார்கள்.

வேல்ராஜ் அண்ணாச்சி குற்றாலத்தில் மூன்று விடுதிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவர். அவருடைய அலுவலகம் தென்காசியில், குற்றாலம் சாலையில் இருக்கிறது. பி.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு அங்கே கணினி வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஏப்ரலில் ஒரு பழைய சர்வரை வாங்கி வந்து என் மேசைக்கடியில் வைத்தார்.

"ஏம்மா ஸ்ரீதேவி, இதுக்குள்ள நாப்பது ஆண்ட்ராய்டு போனு ஓடணும். ஓடுமா?"

"ஓடும் அண்ணாச்சி."

எதற்கு என்று கேட்கவில்லை. ஒருவரிடம் இரண்டாவது வாக்கியம் பேசுவது எனக்கு எப்போதுமே கஷ்டம்.

லினக்ஸ் ஏற்றினேன். ஒவ்வொரு ஆண்ட்ராய்டும் கன்டெய்னர் என்கிற தனித்தனி அறைக்குள் ஓட வேண்டும். முதல் கன்டெய்னர் எழுந்த வேகத்தில் விழுந்தது. ஆண்ட்ராய்டின் பகுதிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள லினக்ஸின் கருவான கெர்னலில் பைண்டர் என்ற ஒன்று வேண்டும்; இதில் அது இல்லை. இரண்டு நாள் தேடி, மூன்றாம் நாள் அதைச் சேர்த்தேன். கறுப்பாக இருந்த திரையில் ஒரு கைபேசி விழித்துக்கொண்டது. கையில் எடுக்க முடியாத கைபேசி. யாருக்கும் கேட்காமல் சிரித்தேன். அந்த அலுவலகத்தில் நான் சந்தோஷமாக இருந்தது அந்த வாரம் மட்டும்தான்.

நாற்பதுக்கும் பெயர் வேண்டியிருந்தது. என் கல்லூரி வகுப்பின் வருகைப்பதிவேட்டு வரிசை மனப்பாடம். அதையே கொடுத்தேன். பிறகு அண்ணாச்சி ஒரு தாளில் இருபது வாக்கியங்கள் எழுதித் தந்தார். தண்ணீர் அருமையாக விழுகிறது. குழந்தைகளோடு குளித்தோம். கூட்டமே இல்லை. நாற்பது கைபேசிகளும் பேரருவிக்கு முன்னால் நிற்பதாகப் பொய்யாக இடம் கொடுத்து, ஏழு நிமிடத்துக்கு ஒருவர் பெயரில் பதிவு போகும்படி எழுதினேன். எதற்கு என்று அப்போது எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

"சீசனே ரெண்டு மாசம்தாம்மா. யாரையும் கொல்லவா செய்யுதோம்?" என்றார் அண்ணாச்சி.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை. முந்தின இரவு மலையில் விடாத மழை. காலையில் எல்லா அருவிகளிலும் குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். அண்ணாச்சி புளியங்குடியில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். அழைத்தேன்.

"தடை போட்டுட்டாங்க அண்ணாச்சி. நிறுத்திரவா?"

"எதுக்கு? அங்கன போலீசு நிக்குது, எவனும் உள்ள போவ முடியாது. வந்தவன் திரும்பியா போவான்? ரூம் போட்டுத் தங்கி நாளைக்குக் குளிப்பான். நீ சும்மா இரு."

"சரி அண்ணாச்சி."

பதினோரு மணிக்கு விருதுநகரிலிருந்து ஒரு குடும்பம் அறை கேட்டு வந்தது. புருஷன், மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள். நான்கு பேர் தலையிலும் எண்ணெய் வழிந்தது. குற்றாலத்தில் இறங்கியதும் தேய்த்திருக்கிறார்கள். பிறகுதான் போலீஸ் திருப்பி அனுப்பியிருக்கிறது.

"எண்ணெய் தேச்சுட்டுக் குளிக்காம இருந்தா பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்துரும்," என்றார் அந்த அம்மா.

வாசலில் ஆட்டோவோடு நின்ற இசக்கிப்பாண்டி உள்ளே தலையை நீட்டினார். "எண்ணெ தேச்சாச்சுல்லா, பொறவு என்ன யோசன? பண்பொழி போற வழியில அடிவாரத்துல ஒரு ஓடை கெடக்கு. போலீசும் கெடையாது, கூட்டமும் கெடையாது. வாங்க."

"போகாதீங்க சார்," என்றேன்.

அந்தப் புருஷனுக்குக் கேட்கவில்லை. எழுந்து நின்று மறுபடியும் சொன்னேன். "மேல மழை. ஓடையில திடீர்னு வெள்ளம் வரும்."

"ஏ தாயி!" என்றார் இசக்கிப்பாண்டி. "ஏழு மாசமா இங்கன நிக்கேன். இன்னைக்குத்தான் ஒன் கொரலக் கேக்கேன்."

அந்த மனிதர் கைபேசியைக் காட்டினார். "போலீசுதான் வீணாப் பயப்படுறாங்க. பாரும்மா, நாப்பது பேரு குளிச்சேன்னு போட்டிருக்காங்க. இந்தா, முத்துலட்சுமின்னு ஒரு பொண்ணு, பிள்ளைகளோட குளிச்சாளாம். பத்து நிமிஷம்தான் ஆகுது."

என்னோடு படித்த முத்துலட்சுமி சுரண்டையில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். கல்யாணம்கூட ஆகவில்லை.

"அது நான்தான் சார்."

"நீ இங்கல்ல இருக்க?"

"நாப்பது பேரும் நான்தான். இந்த மேசைக்கு அடியில இருக்காங்க."

"மேசைக்கு அடியில நாப்பது பேரா! எல்லாத்துக்கும் ஆதார் கார்டு உண்டுமா?" என்றார் இசக்கிப்பாண்டி.

பிள்ளைகள் சிரித்தார்கள். அவர்களுடைய அப்பாவும் மரியாதைக்குச் சிரித்துவிட்டு மாற்றுத்துணிப் பையை எடுத்தார். எல்லோரும் ஆட்டோவில் ஏறினார்கள்.

உட்கார்ந்தேன். இருபது வாக்கியங்களையும் அழித்தேன். 'மலையில் வெள்ளம். எந்த ஓடையிலும் இறங்காதீர்கள்.' நாற்பது கைபேசிகளுக்கும் அந்த ஒரே வாக்கியத்தைக் கொடுத்து, உடனே அனுப்பும்படி கட்டளை இட்டேன். அவசரத்தில் இரண்டு முறை தப்பாக அடித்தேன். வெளியே ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்டது.

ஓடிப்போய்ப் பார்த்தபோது அது சாலையின் வளைவுக்குச் சற்று முன்னால் நின்றிருந்தது. அந்த அம்மா கைபேசியும் கையுமாக இறங்கிக்கொண்டிருந்தார். திரும்பி வந்ததும் அவர் புருஷன் என்னிடம் திரையை நீட்டினார்.

"நல்லவேளைம்மா. அங்க நிக்கிறவங்களே சொல்லிட்டாங்க, பாத்தியா?"

நான் தலையாட்டினேன். பிள்ளைகள் குளிக்க அலுவலகத்துக் குளியலறையைத் திறந்துவிட்டு, வாளியும் சீயக்காய்ப் பொட்டலமும் கொடுத்தேன்.

அண்ணாச்சியின் அழைப்பு வந்தது. "ஏட்டி, எவ அதப் போட்டது?"

"நான்தான்."

"திருப்பிப் போடு."

"முடியாது அண்ணாச்சி."

அவர் கத்தியது முழுவதையும் கேட்டுவிட்டு வைத்தேன். பிறகு நாற்பதையும் நிறுத்தினேன். அவை மறுபடி எழுந்தன. விழுந்தால் தானாக எழ வேண்டும் என்று ஏப்ரலில் நானே எழுதியிருந்தேன். அந்த வரியை நீக்கிவிட்டு இரண்டாம் முறை நிறுத்தினேன். பெட்டியின் விசிறிச் சத்தம் தணிந்தது.

செயலியைத் திறந்தேன். காலை ஆறு மணியிலிருந்து நாங்கள் போட்டிருந்த பொய்களை இரண்டாயிரத்து நூற்றுப் பதினாறு பேர் பார்த்திருந்தார்கள். குளியலறையில் பிள்ளைகள் தண்ணீரை வாரி இறைத்துக் கூச்சல் போட்டார்கள். இங்கே வந்தது ஒரு குடும்பம். மற்றவர்கள் எந்த ஓடையருகில் எண்ணெய்த் தலையோடு நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அழைத்துக் கேட்க ஒருவருடைய எண்ணும் என்னிடம் இல்லை.