பூவோடு ஒரு படம்

செத்துப்போன நிலத்துக்கு உயிர் கொடுக்கத்தான் அந்த விவசாயி, அரசு கொடுத்த விதையை வாங்கி, பசுந்தாள் உரமாகச் சணப்பு விதைத்திருந்தார். பூத்ததும் மடக்கி உழுதுவிட வேண்டும். தவறினால் தண்டு முற்றி நாராகிவிடும், மண்ணுக்கு உதவாது.

பூத்தது. "உழுதுடாதீங்க! தலைவர் பூவுக்கு நடுவுல நின்னு படம் எடுக்கணும். மீறினா அடுத்த தடவை விதை கிடையாது," என்று மண்வள அதிகாரி வயலைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டுப் போனார்.

தலைவருக்கோ திறந்துவைக்க ஊரெல்லாம் ஏதாவது இருந்தது. பூ உதிர்ந்தது, ஈரமும் காய்ந்தது.

"இந்த வருஷமும் விளையலேன்னா ஊரை விட்டுக் கூலிக்குத்தாங்க போகணும்," என்றாள் மனைவி.

ஒருவழியாக வந்திறங்கிய தலைவர், விறகாய் நின்ற பயிரைப் பார்த்து முகம் சுளித்தார். "காலத்துல உழ வேண்டாமாய்யா? இப்படிச் சோம்பேறியா இருந்தா மண்ணு எப்படித் திருந்தும்?"

அதிகாரி பலமாகத் தலையாட்டினார்.

வண்டிகள் கிளம்பின. மனைவி மெல்லச் சொன்னாள்: "அந்தக் கயிறை அவுத்து வைங்க. மூட்டை கட்ட ஆகும்."