நாத்தனார் ரொட்டிக் கனம்

வெர்லின் ட்வெட் கடைத் தோட்டாவைக் கையால் தொடமாட்டார். வடக்கு டகோட்டாவில் எங்கள் துப்பாக்கி கிளப்பில் பாதிப் பேர் அப்படித்தான், ஆனால் அவர் ரொம்ப. வீட்டின் கீழ்த்தளத்தில் தோட்டா அழுத்தும் பிரெஸ்ஸை வைத்துக்கொண்டு, சுட்ட பித்தளைக் கூடுகளைக் கழுவி, வெடிமருந்து போட்டு, குண்டை அழுத்தித் தானே செய்துகொள்வார். "கடைத் தோட்டா கடைச் சோறு மாதிரி, உடம்புக்கு ஆகாது" என்பார்.

செப்டம்பர் முதல் சனிக்கிழமை, வரிசையாக நிற்கும் ஐந்து இரும்புத் தட்டைச் சுட்டுச் சாய்க்கும் போட்டி. நான்தான் நேரம் குறித்தேன். வெர்லினின் முதல் குண்டு தட்டைச் சாய்த்தது. இரண்டாவது தோட்டா குழலுக்குள் பாதி போய் நின்றுவிட்டது. பிஸ்டல் வாயைத் திறந்தபடி இருந்தது. இழுத்து, உதறி, மறுபடி சுட்டார். மறுபடி சிக்கியது. மற்றவர்கள் ஐந்து விநாடியில் முடித்ததை அவர் ஐம்பத்திரண்டில் முடித்தார்.

"என்னப்பா, அடுத்த தோட்டா தபால்ல வருதா?" என்றார் கென்டல். வாரநாளில் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர், சனிக்கிழமைகளில் மைதானப் பொறுப்பாளர்.

"என் தோட்டாவச் சொல்லாத. துப்பாக்கிக்குத்தான் சீக்கு."

அந்த வாரம் வெர்லின் ஸ்பிரிங்கை மாற்றினார். தோட்டா அடைக்கும் மேகசின் மூன்று புதிதாக வாங்கினார். தோட்டா ஏறும் சரிவை முகம் தெரிகிற அளவுக்குத் தேய்த்தார். அடுத்த சனிக்கிழமையும் அதே கதைதான்.

கென்டலுக்குப் பொறுக்கவில்லை. பிஸ்டலை வாங்கி, கடைத் தோட்டா பத்துப் போட்டு, மூச்சு விடாமல் பத்தையும் சுட்டார். ஒன்றுகூடச் சிக்கவில்லை.

"உன்னப் பாத்து பயந்துபோச்சு" என்றார் வெர்லின்.

கென்டல் குழலைக் கழற்றி, வெர்லினின் தோட்டா ஒன்றை அதற்குள் போட்டார். 'டக்'கென்று உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும். அது தலைதூக்கி நின்றது.

"நீளம் ஜாஸ்தி, வெர்லின்."

"வாய்ப்பே இல்ல! அளந்து அளந்து செஞ்சிருக்கேன். இருபத்தொம்பது மில்லி!"

வண்டிக்கு ஓடி, நீளம் அளக்கும் டிஜிட்டல் வெர்னியரை எடுத்துவந்தார். காட்டுவதற்காக அதன் தாடைகளை இறுக மூடினார். திரையில் பூஜ்யம் வரவில்லை. மைனஸ் அரை மில்லி. அது இருபத்தொன்பது காட்டினால் உண்மையில் இருபத்தொன்பதரை.

பெஞ்சில் ஹாம் சாண்ட்விச் பிரித்துக்கொண்டிருந்த அவர் மனைவி ஆர்லிஸ் திடீரென்று வானத்தில் பறவை தேட ஆரம்பித்தாள்.

"ஆர்லிஸ், இத எடுத்தியா?"

"ஒரே ஒரு தடவ."

"எதுக்கு?"

"சர்ச்சுல லெஃப்சா ரொட்டிப் போட்டியில வருஷா வருஷம் உங்கக்கா போர்கில்டுதானே ஜெயிக்கிறா? அவ ரொட்டி அவ்வளவு மெல்லிசா எப்படி வருதுன்னு பாக்க வேண்டாமா? அவ ரொட்டிய நடுவுல வச்சு பூஜ்யம் பொத்தான அழுத்தினேன். அப்புறம் என்னுத வச்சா எவ்வளவு தடிமன் கூடன்னு நேராக் காட்டுமில்ல?"

"திருப்பி மாத்தி வைக்கலியா?"

"அடுத்த ரொட்டிக்கு உருளைக்கிழங்கு அடுப்புல இருந்துச்சு."

கென்டல் புல்லில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப இந்தத் தோட்டா எல்லாம் நாத்தனார் ரொட்டிக் கனத்துக்கு நீளமா?"

வெர்லினின் காது இரண்டும் சிவந்தன. ஆர்லிஸ் விடவில்லை. "அளக்கறதுக்கு முன்னாடி மூடிப் பூஜ்யம் பாக்காதது யாராம்? ஒரு தோட்டாவக்கூட குழல்ல போட்டுப் பாக்காதது யாராம்?"



ஞாயிறு மதியம் இருவரும் கீழ்த்தளத்தில் உட்கார்ந்தார்கள். ஆர்லிஸ் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, வெர்லின் பிரெஸ்ஸில் அரை மில்லி அழுத்தி, குழலில் போட்டுப் பார்த்தார். அறுநூறு தோட்டா, அறுநூறு 'டக்'. முந்நூறு தாண்டியதும் இருவரும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்களாம்.

அடுத்த சனிக்கிழமை பிஸ்டல் தண்ணீர் மாதிரி ஓடியது. ஒரு சிக்கல் இல்லை. ஆனால் ஐந்து தட்டில் இரண்டுதான் விழுந்தது. வெர்லின் பிஸ்டலைப் பார்த்தார், மேகசினைப் பார்த்தார், பிறகு பெஞ்சைப் பார்த்தார்.

"என்ன ஏன் பாக்குற?" என்றாள் ஆர்லிஸ். "தட்ட நான் தொடவே இல்ல."