ஏழு மணிக்குள் ஐந்து பேர்

பகல் ஒரு மணிக்கு, விமானம் வராது என்று தெரிந்துவிட்டது. இரண்டு மணிக்கெல்லாம், வடதுருவக் கடலோரத்து நுவுராக் ஊரின் பெண்கள் கூடைப்பந்து அணி பனிவண்டிகளை உறுமவிட்டுக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றது. மூடுபனிக்குப் பயந்து விமானி வேண்டுமானால் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கட்டும், அணித்தலைவி டெல்மாவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நூறு கிலோமீட்டர் தள்ளி, சிகுலிக் ஊரில், மாலை ஏழு மணிக்கு ஆட்டம். ஆண்டுக்கு ஒரே ஆட்டம். மணி ஏழாகும்போது ஐந்து பேர் சீருடையோடு களத்தில் நிற்கவில்லை என்றால் கோப்பை எதிரணிக்குப் போய்விடும். நுவுராக் அணியில் இருப்பதே கச்சிதமாக ஐந்து பேர்தான்.

போன வருடம் ஒரே ஒரு புள்ளியில் தோற்றார்கள். கடைசி நொடியில் கூடையின் விளிம்பில் பட்டு வெளியே துள்ளிய பந்து டெல்மா எறிந்தது. எதிரணித் தலைவி வேறு யாருமில்லை, சிகுலிக்கில் வாழ்க்கைப்பட்ட அவளுடைய சொந்தத் தங்கை வெர்னா. ஒரு வருடமாக வயர்லெஸ்ஸில் வந்து, "அக்கா, அந்தப் பந்து இன்னும் கீழ விழலயா?" என்று கேட்டபடி இருக்கிறாள். இரண்டு ஊரும் ஒரே அலைவரிசை. இரண்டு ஊரும் சிரிக்கும்.

வழக்கமாக முன்னால் ஓட்டுகிறவன் டெல்மாவின் கணவன் லெஸ்டர். இந்த முறை காலில் மாவுக்கட்டோடு வாசலில் நின்று வாயை மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தான்.

"ஒவ்வொரு ஓடை தாண்டறப்பவும் வயர்லெஸ்ல சொல்லு. பின்னாடி வர்றவ கண்ணுக்குத் தெரியலன்னா நின்னுடு."

"ஏணியில இருந்து விழுந்தவன் எனக்கு ஓட்டக் கத்துத் தர்றியா?"

"அது ஏணி. இது வேற. அந்த மூட்டையைப் பாரு, வண்டியா அது, கப்பலா?"

லெஸ்டரின் தங்கை கொரினின் பனிவண்டிக்குப் பின்னால் கட்டியிருந்த, பாரம் ஏற்றும் சறுக்குக்கட்டையைத்தான் சொன்னான். களத்தில் முழங்கையால் இடிப்பது வேறு, சம்பந்தி ஊருக்கு வெறுங்கையோடு போவது வேறு. ஒவ்வொரு வீடும் ஒரு சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்திருந்தது. திமிங்கிலத் தோல், சீல் எண்ணெய், உலர்ந்த மீன் என்று ஆளுயரத்துக்கு ஏறியிருந்தது.

"பாதியை எறக்கு, கொரின்" என்றாள் டெல்மா.

"யார் வீட்டுதை எறக்கட்டும், அண்ணி? நீங்களே சொல்லுங்க. சொல்லிட்டு அந்த வீட்டுப் பக்கம் தலைகாட்டிடுவீங்களா?"

டெல்மா தன் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். சாவிக்கயிற்றை இடுப்பில் மாட்டிக்கொண்டாள். தூக்கி எறியப்பட்டால் கயிறு உருவிக்கொள்ளும், வண்டி தானாக நின்றுவிடும். பின்னால் திரும்பி நாலு பேரையும் எண்ணிவிட்டு விசையை அழுத்தினாள்.

முதல் நாற்பது கிலோமீட்டர் சொர்க்கம். கடற்கரையோரம் நட்ட மரக்கம்புகள் சர் சர்ரென்று பின்னால் ஓடின. காற்று அடித்து இறுக்கிய பனியில் வண்டி வழுக்கிக்கொண்டு பறந்தது. முகமூடிக்குள் டெல்மா வாய்விட்டுக் கத்தினாள். வெர்னா, இதோ வருகிறேன்டி! பின்னால் கொரின் பாடுவது இயந்திரச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. அவள் பாட்டுக்கு இயந்திரச் சத்தமே தேவலை.

காயல் கரையில் நிறுத்தி, ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். "மின்னி, உன் மூக்கு வெளுத்திருக்கு, உறையப் பாக்குது. கையை வை" என்றாள் டெல்மா. அணியில் ஆறடி உயரம் மின்னிதான், அதற்கேற்ற மூக்கு.

உறைந்து கிடந்த காயலைக் குறுக்கே கடந்தால் முக்கால் மணி நேரம் மிச்சம். "நேத்து எங்கண்ணன் இதுலதான் போனான், தடம் இருக்கு பாருங்க" என்றாள் மின்னி. தடம் இருக்கத்தான் செய்தது. டெல்மா இரும்புக்கோலோடு இறங்கி நடந்தாள். முதல் குத்தில் பனிக்கட்டி கணீரென்றது. பத்தடி தள்ளிக் குத்தினாள், சத்தம் மந்தமாக வந்தது. இன்னும் பத்தடி போய்க் குத்தியதும் கோல் உள்ளே போய்த் தண்ணீர் கொப்பளித்தது. வந்த காலடியிலேயே திரும்பி நடந்தாள்.

"மேட்டு வழி" என்றாள்.

"நேரம் ஆயிடும் அண்ணி!"

"ஆகட்டும். தண்ணிக்குள்ள யாரும் கூடை கட்டி வைக்கலடி."

மேட்டில் வானமும் வெள்ளை, தரையும் வெள்ளை. நிழலே விழவில்லை. எது மேடு, எது பள்ளம் என்று கண் சொல்லாது. டெல்மா ஒரு முழங்காலை இருக்கையில் ஊன்றி, வேகத்தைக் குறைத்து, உடம்பை மேட்டுப் பக்கம் சாய்த்து ஓட்டினாள். ஒருமுறை முன்சறுக்குகள் இரண்டும் அந்தரத்தில் தொங்கின. உயிர் போய் வந்தது. நிறுத்தி, கையை உயர்த்தி, பின்னால் வந்தவர்களைச் சுற்றி அனுப்பினாள். இறக்கத்தில் பாரமேறிய சறுக்குக்கட்டை முன்வண்டியைத் தள்ளி மடக்கிவிடும், பிரேக்கைத் தொடாமல் மெல்ல விசை கொடுத்தபடியே இறங்க வேண்டும். கொரின் அதை வெண்ணெய் தடவியதுபோல் செய்தாள். மணி ஐந்தே முக்கால். இன்னும் இருபத்தைந்து கிலோமீட்டர். பிடித்துவிடலாம், நிச்சயம் பிடித்துவிடலாம் என்று டெல்மாவின் நெஞ்சு குதித்தது.

இடையில் ஓர் ஓடை. அதன் பனி சாம்பல் பூத்திருந்தது. பனிக்கும் அடியிலிருக்கும் பனிக்கட்டிக்கும் நடுவே தண்ணீர் ஏறி நிற்கிறது என்று அர்த்தம். கோலை விட்டு ஆழம் பார்த்தாள். முழங்கால் அளவு, அடியில் கட்டி உறுதி.

"ஒவ்வொருத்தியா வாங்க. எது நடந்தாலும் விசையில இருந்து விரலை எடுக்காதீங்க. எடுத்தா வண்டி உக்காந்துடும்."

அவள் பாய்ந்தாள். இரு பக்கமும் தண்ணீர் இறக்கை விரித்தது. அக்கரை! அடுத்து மின்னியும் அவள் பின்னால் உட்கார்ந்தவளும், அதற்கடுத்த வண்டிக்காரியும் வந்துவிட்டார்கள். கொரினும் பாதி தாண்டிவிட்டாள். அப்போது பின்னால் ஒரு கயிறு அறுந்து, திமிங்கிலத் தோல் பொட்டலம் ஒன்று தண்ணீரில் விழுந்தது. கொரின் திரும்பிப் பார்த்தாள். ஒரு கண நேரம்தான், விரல் தளர்ந்தது. வண்டி பொதுக்கென்று உட்கார்ந்தது. பதறிப்போய்க் குதித்தாள். இரண்டு பூட்ஸும் நிரம்பின.

"யார் வீட்டுது விழுந்துச்சு?" என்று அவள் அலறியதுதான் முதல் பேச்சு.

மின்னி கைகளைப் பிசைந்தாள். "வண்டியும் மூட்டையும் இங்கயே கெடக்கட்டும். கொரின் உங்க பின்னாடி ஏறட்டும். இப்பவே கெளம்பினா ஏழுக்குள்ள போயிடலாம்!"

போகலாம்தான். டெல்மா கொரினின் கால்களைப் பார்த்தாள். பூட்ஸ் மேல் அதற்குள் பனி படர ஆரம்பித்திருந்தது. இந்தக் காற்றில் இருபத்தைந்து கிலோமீட்டர் போனால் ஆட்டம் இருக்கும், விரல்கள் இருக்காது. போன வருடத்துப் பந்து கண்முன் துள்ளியது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"பூட்ஸைக் கழட்டுடி."

"அண்ணி, கோப்பை..."

"கழட்டுன்னேன்!"

தார்ப்பாய் விரித்து, கொரினின் வெறும் பாதங்களை மின்னியின் அங்கிக்குள் வயிற்றில் வைத்தார்கள். மின்னி போட்ட கூச்சலில் நரி இருந்திருந்தால் ஊரைவிட்டே ஓடியிருக்கும். மற்ற இருவரும் வண்டிகளின் அடியில் சுழலும் பட்டைகளில் ஒட்டிய ஈரப்பனி உறைந்து இறுகுமுன் தட்டித் தட்டி உதிர்த்தார்கள். டெல்மா வயர்லெஸ்ஸை எடுத்தாள். லெஸ்டரிடம் சொல்ல வேண்டும். சொன்னால் வெர்னாவும் கேட்பாள், சிகுலிக்கே கேட்கும். விரல் பொத்தான் மேலேயே நின்றது. பிறகு அழுத்தினாள்.

"லெஸ்டர், வளைவு ஓடையில மாட்டிக்கிட்டோம். கொரின் கால் நனைஞ்சிருச்சு, பூட்ஸ் மாத்திட்டிருக்கோம். எல்லாரும் நல்லா இருக்கோம். ஏழுக்குள்ள வர முடியாது."

யாரும் சிரிக்கவில்லை. வெர்னாவிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை.

கொரினின் விரல்கள் சிவந்து, காய்ந்த காலுறை ஏறி, மாற்று பூட்ஸ் கட்டி முடித்தபோது மணி ஆறு நாற்பது. அப்போதுதான் சிகுலிக் பக்கமிருந்து உறுமல் கேட்டது. ஐந்து விளக்குகள் வரிசையாக வந்தன. முன்னால் வந்தவள் முகமூடியைத் தூக்கினாள்.

"அக்கா, திமிங்கிலத் தோல் நனையலயே?" என்றாள் வெர்னா. திறந்த அங்கிக்குள் சிகுலிக் சீருடை தெரிந்தது.

"நீ இங்க என்னடி பண்ற? மணி ஏழாகப் போகுது!"

"ஆமா. நாங்க அஞ்சு பேரும் இங்கதான் இருக்கோம். அங்க களத்துல ஒரு ஈ காக்கா இல்ல. யாரு கையில கோப்பையக் குடுப்பாராம் அந்த நடுவர்?" வண்டியை இழுக்கக் கொண்டுவந்த கயிற்றை அக்காவின் கையில் திணித்தாள். "போன வருஷம் மாதிரி கண்ணு முன்னாடி தோக்கடிக்கணும் உன்னை. வராம ஏமாத்தலாம்னு பாத்தியா?"

டெல்மா அவளை இழுத்துக் கட்டிக்கொண்டாள். இந்த முறை அழுகையை விழுங்கவில்லை. பிறகு பத்துப் பேரும் சேர்ந்து இழுத்தார்கள். வண்டி வந்தது, மூட்டை வந்தது, தண்ணீரில் விழுந்த பொட்டலமும் வந்தது. மின்னி வீட்டுப் பொட்டலம்தான் அது என்று தெரிந்ததும், இனி வேறெந்த வீட்டுக்கும் பதில் சொல்ல வேண்டாமென்று கொரின் நிம்மதியாகச் சிரித்தாள்.

"முன்னாடி நீ போக்கா" என்றாள் வெர்னா.

டெல்மா வண்டியில் ஏறி, சாவிக்கயிற்றை மாட்டிக்கொண்டு, பின்னால் திரும்பி எண்ணினாள். வயர்லெஸ் கரகரத்தது.

"டெல்மா, கேக்குதா? அஞ்சு பேரும் இருக்கீங்களா?" லெஸ்டர்தான்.

"பத்துப் பேர் இருக்கோம்" என்றாள் டெல்மா. "நடுவரை உக்காரச் சொல்லு. வந்துட்டே இருக்கோம்."