பாதிப் பாதி மாத்திரை

தலைமையாசிரியையின் அறையில் இரண்டு அம்மாக்கள் முழங்கை இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். இஸ்திரியக்கா நாற்காலியைத் தள்ளிப் போட்டுப் பார்த்தாள். அந்தப் பக்கம் சுவர். சலவை நிலையத்தில் பத்து வருஷமாகத் துணி தேய்ப்பதால் வந்த பெயர் அது. தோள்பட்டை போய்விட்டது, வாய் மட்டும் அப்படியே இருந்தது.

முந்தின நாள் அவள் மகள் வகுப்பில் மயங்கி விழுந்தாள். பையில் தூக்க மாத்திரை இருந்தது. யார் கொடுத்தது என்று எத்தனை பேர் கேட்டும் அந்தப் பெண் வாய் திறக்கவில்லை.

"எல்லாம் இவங்க பொண்ணு பழக்கினது மேடம். இவங்க ஆளுங்களைப் பத்தித்தான் எல்லாருக்கும் தெரியுமே!" என்றாள் இஸ்திரியக்கா.

பக்கத்தில் இருந்தவள் பேருந்து கழுவுகிறவள், எதிர் வீட்டுக்காரி. நிறம் வேறு, வீட்டில் பேசும் மொழி வேறு. அந்த ஒரே காரணத்துக்காக இரண்டு பெண்களும் பேசிக்கொள்ளக் கூடாது என்று இஸ்திரியக்கா போன வருஷமே தடை போட்டிருந்தாள்.

"எங்க வீட்டுக்காரர் குடிப்பாரு, மறைக்கல," என்றாள் எதிர் வீட்டுக்காரி. "அதைப் பார்த்துப் பயந்துதான் என் பொண்ணு எதையும் தொடாது."

"பார்த்தீங்களா! அவங்க வாயாலயே வந்துடுச்சு."

தலைமையாசிரியை ஒரு தாளையும் பேனாவையும் இஸ்திரியக்கா பக்கம் நகர்த்தினார். "நீங்க புகார் எழுதிக் கொடுங்க. அந்தப் பொண்ணை ஸ்கூலை விட்டு அனுப்பிடறோம்." பிறகு பையில் கிடைத்த பொட்டலத்தை மேஜையில் பிரித்தார். "பாருங்க, எல்லாமே பாதிப் பாதி. ரெண்டு பேரும் பங்கு போட்டிருக்காங்க."

இஸ்திரியக்கா குனிந்து பார்த்தாள். தோள் வலியில் தூக்கம் வராமல் அவள் போட்டுக்கொள்ளும் அதே மஞ்சள் மாத்திரை. பரீட்சை பயம் என்று மகள் அழுதபோதெல்லாம், காய் நறுக்கும் கத்தியால் இரண்டாக வெட்டி, "பாதிதானே, ஒண்ணும் பண்ணாது" என்று கொடுத்தவள் அவள்தான். பிறகு மகள் கேட்பதை நிறுத்திவிட்டாள். பயம் தெளிந்துவிட்டது என்று இவள் நிம்மதியாக இருந்தாள். டப்பாவிலிருந்து அவளே எடுத்து வெட்டிக்கொள்வாள் என்று யார் கண்டது?

உண்மையைச் சொன்னால் மானம் போகும், போலீஸ் வரைக்கும் கூடப் போகலாம். சொல்லாவிட்டால் ஒரு பாவமும் அறியாத பெண்ணின் படிப்பு போகும். பேனாவைக் கையில் எடுத்தாள். வாசலுக்குப் போவதென்றால்கூட எதிர் வீட்டுக்காரியைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"எழுதுங்கம்மா."

மகள் யாரைக் காட்டிக் கொடுக்காமல் வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறாள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அழுகை பீறிட்டது.

"மேடம், அது என் மாத்திரை. நான்தான் கொடுத்துப் பழக்கினேன். இந்தம்மா பொண்ணு மேல எந்தத் தப்பும் இல்ல."

எதிர் வீட்டுக்காரி அவள் கையிலிருந்த பேனாவை மெல்ல வாங்கி மேஜையில் வைத்தாள்.

"உங்க ஆளுங்க, எங்க ஆளுங்கன்னு பிரிச்சுப் பார்த்துட்டே இருந்தேன்க்கா," என்றாள் இஸ்திரியக்கா. "எந்த நிறத்துக்காரங்க வீடா இருந்தா என்ன? ஒரு கஷ்டம்னா நாம எதைத் தேடிப் போறோமோ, அதைத்தான் பிள்ளைங்களும் தேடிப் போகும். பயமா இருக்குன்னு வந்த பிள்ளையை மாத்திரை கொடுத்துத் தூங்க வெச்சேனே! பக்கத்துல உட்கார வெச்சு, என்னடி பயம்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."