ஐந்துகால் ஆடு

அந்தத் தீபாவளி சீசனுக்கு நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றுக்காக லேபிள் வரைந்தேன். கண்ணாடி போட்ட ஆடு. கை தவறி வாலுக்கும் குளம்பு போட்டுவிட்டதில் ஆட்டுக்கு ஐந்து கால் ஆகிவிட்டது. திருத்திக் கொண்டுபோய்க் காட்டுவதற்குள் அதே ஆடு, அதே ஐந்து காலோடு, வேறு கம்பெனிப் பெட்டியில் கடைக்கே வந்துவிட்டது. என் ஆர்டர் போயிற்று.

படத்தைப் பார்த்தவர்கள் இருவர்தான். என் மனைவி செல்வமணி, டிசைன் கடை வைத்திருக்கும் என் கூட்டாளி உதுமான். நான் மனைவியைச் சந்தேகப்பட்டேன். அவள் கோபத்தில் லேப்டாப்பைத் தட்டிவிட, ஸ்கிரீன் நொறுங்கியது.

"எங்கிட்ட இதே மாடல் செத்துக் கெடக்கு அண்ணாச்சி. அந்த ஸ்கிரீனைக் கழட்டி மாட்டிக்கிருங்க" என்று கொண்டுவந்து கொடுத்தான் உதுமான்.

நானே மாட்டினேன். திருகாணிகளைக் கழற்றி, நொறுங்கியதை எடுத்துவிட்டு, அவனுடையதை வைத்து வயரைச் சொருகினேன். வெளிச்சம் வந்தது. வெள்ளைத் திரையில் மங்கலாக ஒரு நிழல். நாள்கணக்கில் ஒரே படத்தைத் திறந்துவைத்து வேலை பார்த்தால் அது ஸ்கிரீனிலேயே பதிந்துவிடும். அந்த நிழலும் கண்ணாடி போட்டிருந்தது.

"படம் தெரியுதா அண்ணாச்சி?" என்றான் உதுமான், டீயை ஊதிக்கொண்டே.

"நல்லாத் தெரியுது. வந்து காலை எண்ணுலே."

அவன் எண்ண வரவில்லை. "கடையில ஆளில்ல" என்று டம்ளரை வைத்துவிட்டுப் போனவன்தான், அப்புறம் இந்தப் பக்கமே வரவில்லை.

இப்போது ராக்கெட் வரைந்தாலும் அதன் பின்னால் ஆடு நிற்கிறது. செல்வமணியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் ஆட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"இதாவது ஓடாம நிக்குதே."